ஆறுக்கு ஆறு

நெல்லித்தோப்பில் ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு அன்வருதீன் பாய் கடை தெரியாமல் இருக்காது. பழைய சீட்டைக் கழற்றிப் பின்களைப் பிடுங்கி, நைந்துபோன ஃபோமைத் தூர எறிந்து, புது ஃபோம் வெட்டி வைத்து, ரெக்சினை நான்கு பக்கமும் இழுத்துப் பிடித்து டக் டக் டக்கென்று பின் அடிப்பார். அடித்து முடித்ததும் சீட்டைத் தரையில் வைத்துத் தானே அதன்மேல் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்ப்பார். பின்பக்கம் ஒப்புக்கொண்டால்தான் வண்டியில் ஏறும். இருபத்தாறு வருஷமாக இதுதான் தொழில். ஐம்பத்திரண்டு வயது, கொஞ்சம் தொப்பை, யாரையும் கடிந்து பேசத் தெரியாத நாக்கு.

அவர் மனைவி ஜஹபர் நிஷாவுக்கு நாக்கு வேறு மாதிரி. வெள்ளைக்காரத் தெருக் கடைகளுக்குத் துணிப் பை தைத்துக் கொடுக்கும் பெண்கள் நூற்று நாற்பது பேருக்குச் சங்கம் வைத்து, அதற்குச் செயலாளராக இருந்தாள். தானும் வீட்டில் நாளைக்கு இருபது பை தைப்பாள். மெஷினை மிதித்துக்கொண்டே போனில் யாரையாவது அதட்டிக்கொண்டிருப்பாள்.

இருவரும் ஒரே கட்சி. புதுவை உழைப்பாளர் முன்னணி என்று பெயர். மில்லில் சங்கு ஊதிக்கொண்டிருந்த காலத்தில் மில் தொழிலாளிகள் ஆரம்பித்தது. எப்போதோ ஒருமுறை ஒரு எம்எல்ஏ இருந்தார். அதற்கப்புறம் நின்ற தேர்தலில் எல்லாம் டெபாசிட் போனது. ஆனாலும் உப்பளத்தில் சிமென்ட் கடை மாடியில் ஆபீஸ் இருந்தது, கொடி பறந்தது, பன்னிரண்டு பேர் கொண்ட செயற்குழு இருந்தது. அதில் புருஷனும் பெண்டாட்டியும் இரண்டு பேர். பதின்மூன்றாவது ஆள் தலைவர் கலியபெருமாள். மில்லில் நூல் பிரிவில் வேலை பார்த்தவர். இரண்டு பக்கமும் சரிசமமாக வந்தால் மட்டும்தான் தலைவருக்கு ஓட்டு என்பது கட்சி விதி.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த மாடியில்தான் வம்பு ஆரம்பித்தது.

சட்டமன்றத் தேர்தல் வரப்போகிறது. பெரிய கூட்டணி ஒன்றிலிருந்து ஆள் வந்து பேசிவிட்டுப் போயிருந்தார். நமக்கு ஒரு தொகுதி தரத் தயார், ஆனால் ‘வேலை செய்யும் பெண்களுக்கு வாரம் ஒருநாள் சம்பளத்தோடு லீவு’ என்ற கோரிக்கையை விட்டுவிட வேண்டும், கடைக்காரர்களும் லாட்ஜ்காரர்களும் முகம் சுளிக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார்.

நெடுமாறன் எழுந்தான். கடற்கரைக்குப் பக்கத்தில் எட்டு அறை கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறவன். நாற்பது வயது, கணக்காகப் பேசுவான்.

“தலைவரே, நாம இடது பக்கமாவே போய்க்கினு இருந்தா கடைசில செவுருதான் வரும். ஜனங்க எங்க நிக்கிறாங்க? நடுவுல. நாமளும் நடுவுல போய் நின்னாதான் கண்ணுக்குத் தெரிவோம்.”

“நடுவுல ஏற்கெனவே நாலு கட்சி நிக்குது,” என்றாள் நிஷா. “அஞ்சாவதா நாம போய் நின்னா எவன் கண்ணுக்குத் தெரியும்? மில்லுக்காரங்க ஆரம்பிச்ச கட்சி இது. வேல செய்யறவங்களப் பத்திப் பேசலன்னா இந்த ஆபீஸ பூட்டிட்டு சாவிய சிமென்ட் கடைக்காரர்கிட்டயே குடுத்துடலாம்.”

“அக்கா, பேசறதுக்கு மொதல்ல உள்ள போவணும். வெளிய நின்னு கத்தினா யாருக்குக் கேக்கும்?”

“உள்ள போனவங்க எல்லாம் இன்னாத்த பேசிட்டாங்க?”

இப்படியே இரண்டு மணி நேரம். டீ மூன்று தடவை வந்தது. கடைசியில் கையைத் தூக்கச் சொன்னார் தலைவர். தனியாக நின்று கோரிக்கையை விடாமல் பிடிப்போம் என்பதற்கு ஆறு கை. கோரிக்கையை விட்டுக் கூட்டணிக்குப் போவோம் என்பதற்கு ஆறு கை. அந்த ஆறாவது கை அன்வருதீனுடையது.

கடைக்கு வருகிறவன் எவனாக இருந்தாலும் சீட்டு தைக்கிற ஆள் அவர். யாரையும் பகைத்துக்கொள்ளாமல் வாழலாம் என்பது அவருடைய அனுபவம். மனசறிந்துதான் தூக்கினார். தூக்கிய பிறகு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். உடனே மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

“நான் போட மாட்டேன்,” என்றார் கலியபெருமாள். “இந்தப் பக்கம் போட்டா அந்த ஆறு பேரு போயிடுவான். அந்தப் பக்கம் போட்டா இந்த ஆறு பேரு. அப்புறம் நான் யாருக்குத் தலைவரு, இந்த நாற்காலிக்கா? ஒண்ணு செய்யுங்க. இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர்னு ஆறு ஜோடியா பிரிஞ்சுக்கங்க. பத்து நாளு. வூடு வூடா போங்க. யாரும் வாதாடக் கூடாது. கேட்டத எழுதிக்கினு வாங்க. நோன்பு பொறக்கறதுக்குள்ள மறுபடியும் உக்காருவோம்.”

“யாரு யாரோட போறது?”

“நெல்லித்தோப்புக்கு பாயும் நிஷாவும்,” என்றார் தலைவர், சிரிக்காமல். “அவங்களுக்கு ஒரே ஸ்கூட்டருதான இருக்குது.”

வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. அதுதான் அன்வருதீனுக்குப் பயமாக இருந்தது. நிஷா நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும் ரசமும் வைத்தாள். தட்டை எடுத்து வைத்தாள். பிறகு, கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நர்ஸிங் படிக்கிற, அப்போதுதான் வந்து காலைப் பரப்பிப் படுத்திருந்த மகளைக் கூப்பிட்டாள்.

“மரீஹா, உங்கத்தாவ சாப்பிட வரச் சொல்லு.”

அத்தா ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

“அத்தா, அம்மா சாப்பிட வரச் சொல்றாங்க.”

“கருவாட்டுத் தொக்கு வாசன தெருமுன வரைக்கும் வீசுதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லும்மா.”

“அம்மா, வாசன வீசுதாம்.”

“நடுவுல நிக்கிறவங்களுக்கு வாசன நல்லாதான் வரும்னு சொல்லு.”

“யா அல்லாஹ்,” என்று மரீஹா தலையணையை முகத்தில் வைத்துக்கொண்டாள். “வார்டுல முப்பது பேஷண்ட்ட பாத்துட்டு வர்றேன். இங்க ரெண்டு பேரு.”

மறுநாள் சாயங்காலம் நான்கு மணிக்குக் கடையை மூடிவிட்டு அன்வருதீன் வண்டியை எடுத்தார். நிஷா நோட்டும் பேனாவும் துணிப் பையில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினாள். பையை இருவருக்கும் நடுவில் வைத்தாள். பேசாமல் வழி சொல்ல வேண்டுமே, அதற்கு ஒரு உபாயம் வைத்திருந்தாள். இடது தோளில் தட்டினால் இடது பக்கம், வலது தோளில் தட்டினால் வலது பக்கம். முதுகில் குத்தினால் நிறுத்த வேண்டும்.

முதல் இரண்டு நாள் அப்படித்தான் போனார்கள். பனிக்காலம் போகப்போகிற நேரம். வெயில் சாயும்போது மார்க்கெட் பக்கமிருந்து மீன் வாசனையும் மல்லிகை வாசனையும் கலந்து வரும். கதவு திறக்கிறவர்கள் திறந்தார்கள், திறக்காதவர்கள் உள்ளேயிருந்து “ஆளில்ல” என்று குரல் கொடுத்தார்கள். அவர் ஒரு பக்கம் எழுதினார், அவள் ஒரு பக்கம் எழுதினாள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் சொல்தா வீட்டுக்குப் போனார்கள். இராமதாஸ் என்று பெயர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களைச் சொல்தா என்றுதான் ஊரில் சொல்வார்கள். எழுபது தாண்டியும் முதுகு வளையவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்து, கிண்ணத்தில் முந்திரியும் வைத்தார்.

“இடது பக்கம் போறதா, நடுவுல நிக்கிறதா, இதான கேள்வி?” என்று சந்தோஷமாகக் கையைத் தேய்த்துக்கொண்டார். “அங்கயும் இதே கூத்துதான் பாய். எலெக்‌ஷன் வந்தா எங்க கட்சில விடிய விடியப் பேசுவான். கோஷ் பக்கம் போவலாமா, சாந்த்ருல நிக்கலாமான்னு. கோஷ்னா இடது, சாந்த்ருனா நடு.”

“இன்னா முடிவு எடுப்பாங்க?” என்று நிஷா பேனாவைத் திறந்தாள்.

“தோத்தா, இன்னும் கொஞ்சம் இடது போயிருக்கணும்பான். ஜெயிச்சா, நல்ல வேளை நடுவுல நின்னோம்பான். அடுத்த தடவ அதையே மாத்திச் சொல்லுவான். நாப்பது வருஷமா பாக்கறேன்.”

அரை மணி நேரம் பிரெஞ்சு அரசியல் ஓடியது. நிஷா நான்கு பக்கம் எழுதிவிட்டாள். புறப்படும்போது அன்வருதீன், ‘ஐயா’ என்பதற்குப் பிரெஞ்சில் மிசே போட்டு, பணிவாகக் கேட்டார்.

“அப்ப உங்க ஓட்டு எந்தப் பக்கம்னு எழுதிக்கட்டும் மிசே?”

“என் ஓட்டா? எனக்கு இங்க ஏது ஓட்டு? நான் பிரெஞ்சுக் குடியுரிமை. கான்சுலேட்டுல போய்ப் போடுவேன்.”

வெளியே வந்து வண்டியைக் கிளப்பினார். தெருமுனை திரும்பும்போது பின்னால் ஏதோ குலுங்குவது தெரிந்தது. ஸ்டாண்டுதான் சரியாக ஏறவில்லை என்று நினைத்தார். நிஷாதான். பையை முகத்தில் அழுத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

“நாலு பக்கம் எழுதினேங்க,” என்றாள். “நாலு பக்கம்!”

மூன்று நாளில் நேரடியாகச் சொன்ன முதல் வார்த்தை. அன்வருதீன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தார். அன்றைக்குப் பை நடுவிலிருந்து ஹேண்டில்பாருக்குப் போய்விட்டது. ஆனால் கட்சி விஷயத்தை மட்டும் இருவரும் தொடவில்லை. தலைவர் சொன்ன பத்து நாள் முடியட்டும் என்று சொல்லாமலே ஒப்பந்தம்.

ஐந்தாம் நாள் இட்லிக் கடை ராஜாம்பாள். ஆவி பறக்கும் கொப்பரைக்கு முன்னால் நின்றபடியே பேசினாள். கூட வேலைக்கு இரண்டு பெண்கள்.

“லீவு உடணும்னு நோட்டீஸ் போட்டீங்களே, போன தேர்தலுக்கு. ‘உழைப்பைத் திருடும் முதலாளிகளே’ன்னு ஆரம்பிச்சிருந்துது. யாரும்மா அது, நானா?”

நிஷா பேனாவை வைத்துக்கொண்டு நின்றாள். அந்த நோட்டீஸை எழுதியதே அவள்தான்.

“நாலு மணிக்கு எழுந்து மாவு கரைக்கறேன். எனக்கே வாரத்துல ஒரு நாள் லீவு கெடையாது. இந்தப் புள்ளைங்களுக்கு லீவு குடுக்க எனக்கு மனசில்லையா? ஒருத்தி வரலன்னா நான் எத்தினி கையால இட்லி ஊத்துவேன்? அதுக்கு ஒரு வழி சொல்லிட்டு லீவு கேளு. நானே ஓட்டுப் போடறேன். திட்டிட்டுக் கேட்டா எவளுக்கு மனசு வரும்?”

“எழுதிக்கறேங்க்கா,” என்றாள் நிஷா. அவள் குரல் அவ்வளவு தாழ்ந்து அன்வருதீன் கேட்டதில்லை. ராஜாம்பாள் இருவருக்கும் இரண்டிரண்டு இட்லி வைத்து, மேலே வடகறி ஊற்றிக் கொடுத்தாள். நிஷா சாப்பிடும்போதும் எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நாள் அன்வருதீனின் முறை. செல்போன் கடை ராஜ்கமல் அவருடைய வாடிக்கையாளன்தான். இவன் நம் ஆள், நடுவில் நிற்கிறவன் என்று போவதற்கு முன்பே நோட்டில் குறித்து வைத்திருந்தார். வீட்டுக்குப் போனபோது ராஜ்கமல், “எங்களுக்கு கலாட்டா வேணாம் பாய். வியாபாரம் நடக்கணும், அவ்ளோதான்” என்று எதிர்பார்த்த மாதிரியே சொன்னான். அவன் மனைவி மாலா சுவரில் சாய்ந்து, வெந்நீர் வாளிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள். கணுக்கால் இரண்டும் பூரித்த பூரி மாதிரி உப்பியிருந்தன.

“இன்னாம்மா காலு?” என்றார்.

“ஒண்ணுமில்ல பாய். துணிக் கடையில வேல. நின்னுக்கினே இருந்தா வீங்குது.”

“எவ்ளோ நேரம் நிப்ப?”

“காலைல பத்துலேர்ந்து ராத்திரி ஒம்போது.”

“ஆளில்லாதப்ப உக்காந்துக்கறதுதானே?”

“உக்காரக் கூடாது பாய். ஸ்டூலே கெடையாது. கஸ்டமர் வர்றப்ப உக்காந்திருந்தா மரியாதயில்லன்னு சொல்லுவாங்க. செவுத்துல சாஞ்சாலும் கேமராவுல பாத்து மைக்குல பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க.”

அன்வருதீன் விரல் விட்டு எண்ணினார். பதினொரு மணி நேரம். ஊரில் இருக்கிறவன் பின்பக்கத்துக்கெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த மனுஷன் அவர். ஒரு ஸ்கூட்டர் சீட்டு கால் அங்குலம் தாழ்ந்தால்கூடத் திரும்பப் பிரித்துத் தைப்பார். உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது என்ற வார்த்தை அவருக்குள் போய் எங்கோ இடித்துக்கொண்டு நின்றது.

“நீ ஏம்பா இத கேக்கல?” என்று ராஜ்கமலைப் பார்த்தார்.

“நான் கடைக்காரன் பாய். கடைக்காரங்க சங்கத்துல இருக்கேன். நான் எப்பிடிக் கேக்கறது?” என்றான் அவன். பிறகு வாளியைப் பார்த்துவிட்டு, “வூட்டுக்குள்ள கேக்கறேன், வெளிய கேக்கல” என்றான்.

ஒன்பதாம் நாள் அஞ்சலாட்சி வீடு. நெடுமாறனின் கெஸ்ட் ஹவுஸில் பதினோரு வருஷமாக அறை பெருக்கி, படுக்கை விரித்து, துவாலை துவைக்கிறவள். நிஷா என்றால் அவளுக்கு உயிர். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினாள்.

“நிஷாக்கா, உன் நோட்டீஸ் எல்லாத்தையும் அரிசி டின்னுல போட்டு வச்சிருக்கேன். யாருக்கும் தெரியாது.”

“ஏன்டி மறைக்கற? நெடுமாறன் நம்ம கட்சிதானே.”

“நம்ம கட்சிதான். நல்ல மனுஷந்தான். ஆனா மொதலாளி. நீ அவர ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடுவ, மறுநாள் காலைல அவரு மொகத்துல முழிக்கறது நான்தான். சண்ட போட்டு வாங்கற லீவு எனக்கு வேணாங்க்கா. அவரே சிரிச்சுக்கினு குடுக்கற மாதிரி ஒண்ணு பண்ண முடியுமா? முடியாதுன்னா சொல்லிடு.”

நிஷா நோட்டை மூடிப் பையில் வைத்தாள். வாதாடக் கூடாது என்று தலைவர் சொன்னதால் என்று அன்வருதீன் நினைத்தார். திரும்பும்போது இடது தோளில் தட்ட வேண்டிய இடத்தில் வலது தோளில் தட்டினாள். வண்டி சந்துக்குள் போய் முட்டுச்சுவரில் நின்றது.

மாசி பிறந்து முதல் ஞாயிறு. மாடியில் அதே பன்னிரண்டு பேர். தலைவர் ஒவ்வொரு ஜோடியாகக் கேட்டார். ஒரு ஜோடி மூன்றாம் நாளோடு நிறுத்திவிட்டது. ஒரு ஜோடி தெருவை இரண்டாகப் பிரித்து அவரவர் தெரிந்த வீட்டுக்கு மட்டும் போயிருந்தது. இன்னொரு ஜோடி டீக்கடையில் உட்கார்ந்து வந்தவர்களைக் கேட்டிருந்தது. பத்து நாளும் முழுசாகப் போனது பாயும் நிஷாவும்தான்.

“சரி, கையத் தூக்குங்க. தனியா நிப்போம், கோரிக்கைய விட மாட்டோம்ங்கறவங்க?”

அன்வருதீன் நாற்காலி நுனிக்கு வந்தார். நெடுமாறன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்கினார். நிஷா பார்த்தால் எப்படிச் சந்தோஷப்படுவாள் என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

நிஷாவின் இரண்டு கையும் மடியில் இருந்தன.

அவள் வாயைத் திறந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆறு,” என்றார் தலைவர். “அந்தப் பக்கம்?”

நிஷா மெல்லக் கையைத் தூக்கினாள். முகம் சிவந்து போயிருந்தது.

“ஆறு.”

எல்லாத் தலையும் புருஷனிடமிருந்து பெண்டாட்டிக்குத் திரும்பின. பிறகு யாரோ ஒருவர் களுக்கென்று ஆரம்பிக்க, மாடியே சிரிப்பில் அதிர்ந்தது. கலியபெருமாள் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு இருமி இருமிச் சிரித்தார். கீழேயிருந்து சிமென்ட் கடைக்காரர் என்னவோ ஆகிவிட்டதென்று ஏறி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

“ஏங்க, நீங்க எப்பங்க இந்தப் பக்கம் வந்தீங்க?” என்றாள் நிஷா.

“மாலா காலப் பாத்தப்ப. நீ எப்ப அந்தப் பக்கம் போன?”

“ராஜாம்பா இட்லி தின்னப்ப பாதி. மீதி அஞ்சலாட்சி வூட்ல.” பெயரைச் சொன்ன பிறகுதான் நெடுமாறன் எதிரில் இருப்பது ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அஞ்சலாட்சி இன்னா சொன்னா?” என்றான் நெடுமாறன்.

“நீங்க நல்ல மனுஷன்னு சொன்னா. சத்தியமா.”

நெடுமாறன் தலையைக் குனிந்து கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தான்.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “இப்ப நான் சொல்றேன். பத்து நாளுல மனசு மாறுனது இந்த ரெண்டு பேருதான். காதத் தொறந்து வச்சிருந்தாங்கன்னு அர்த்தம். பாய், நிஷா, கீழ பேக்கரில போய் உக்காருங்க. ரெண்டு பேரும் சேர்ந்து நோட்டீஸ் ஒண்ணு எழுதிக்கினு வாங்க. அதுக்கு என் ஓட்டு உண்டு. பிடிக்காதவங்க அப்ப சொல்லட்டும்.”

பேக்கரி பெஞ்சில் டீயும் பன் பட்டர் ஜாமும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் பகல் பதினோரு மணிக்கு இருவரும் தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்ததாக அன்வருதீனுக்கு நினைவில்லை.

“மொத வரி நாற்காலி,” என்றார். “வேல செய்யற எடத்துல உக்கார ஒரு நாற்காலி. அத எழுது.”

“மொத வரியிலயே கேட்டா கடைக்காரங்க படிக்காம கிழிச்சுப் போட்டுடுவாங்க. ராஜாம்பாவுக்கு வழி சொல்லிட்டுக் கேக்கணும்.”

“இன்னா வழி?”

“சின்னக் கடைங்களுக்கு லைசென்ஸ் கட்டணத்த எடுத்துடச் சொல்லுவோம். அந்தப் பணத்துல லீவு நாளைக்கு மாத்து ஆளு வச்சுக்கட்டும். சங்கத்துலேர்ந்து நானே ஆளு அனுப்பறேன்.”

“கூட்டணி?”

நிஷா டீயை ஊதினாள். “லீவ விட்டுட்டுதான் வரணும்னா எதுக்குங்க கூட்டணி? நான் கைய தூக்கினது கூட்டணிக்கு இல்ல. திட்டாம பேசறதுக்கு. அதுக்குத் தனியா ஒரு கை இல்லையே.”

“நான் தூக்கினதும் தனியா நிக்கறதுக்கு இல்ல,” என்றார் அன்வருதீன். “அந்தப் பொண்ணு உக்காரணும், அவ்ளோதான்.”

“அப்ப நாம ரெண்டு பேரும் தப்பான எடத்துல கைய தூக்கியிருக்கோம்.”

“ரெண்டு தடவையும்,” என்றார். இருவருக்கும் மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. ஜாம் அவர் மீசையில் ஒட்டியிருந்தது. அவள் துடைக்கவில்லை, சொல்லவும் இல்லை. அப்படியே மாடிக்கு ஏற விட்டாள்.

ஒரு பக்கம்தான் எழுதினார்கள். தனியாக நிற்போம். வாரம் ஒருநாள் சம்பளத்தோடு லீவு வேண்டும், உட்கார நாற்காலி வேண்டும். சின்னக் கடைகளுக்கு லைசென்ஸ் கட்டணம் கூடாது. ‘முதலாளிகளே’ என்ற வார்த்தை இல்லை. ‘நம் ஊரில் கடை வைத்திருப்பவர்களுக்கும் அதில் வேலை செய்பவர்களுக்கும்’ என்று ஆரம்பித்தது. பத்துக்கு இரண்டு என்று நிறைவேறியது. எதிர்த்த இரண்டு பேரில் ஒருவர் இடது பக்கத்து ஆள்; இது தண்ணீர் ஊற்றின மோர் என்றார். மற்றவர் நடுவில் நிற்கிற ஆள்; ஜெயிக்கிற வாய்ப்பை விட்டுவிட்டோம் என்றார். பத்து நாளும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளாத அந்த இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனார்கள்.

வேட்பாளர் யார் என்பதில் பேச்சே எழவில்லை. நிஷா பெயரை முன்மொழிந்தது நெடுமாறன்.

சித்திரை வெயிலில் ஊர் முழுக்கச் சுற்றினார்கள். ராஜாம்பாள் கடைச் சுவரில் தானே நோட்டீஸை ஒட்டினாள். ராஜ்கமல் கடைக்காரர்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து, “என் பொண்டாட்டிக்கு உக்கார ஒரு ஸ்டூலு வேணும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். மாலா வேலை செய்யும் கடையில் இரண்டு ஸ்டூல் வந்தது. பத்துப் பெண்களுக்கு இரண்டு ஸ்டூல். இருந்தாலும் வந்தது.

தேர்தலில் நிஷா ஜெயிக்கவில்லை. மூன்றாவதாக வந்தாள். ஆனால் டெபாசிட் திரும்பக் கிடைத்தது, பல வருஷங்களுக்கு அப்புறம் முதல் தடவையாக. கலியபெருமாள் அந்தச் செய்தியை மில்லில் தன்னோடு வேலை பார்த்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடந்து போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அன்வருதீன் தெரு முழுக்கத் தால்சாவும் சோறும் போட்டார். ஜெயித்த கட்சியின் ஊர்வலம் அந்த வழியாக வந்தபோது மேளக்காரர்கள் சோற்று வாசனைக்கு நின்று, சாப்பிட்டுவிட்டு, தோற்ற வீட்டு வாசலில் கால் மணி நேரம் அடித்துவிட்டுப் போனார்கள். மரீஹா ஆடினாள்.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கு நிஷா மெஷினில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் அஞ்சலாட்சி நின்றாள். தலையில் பூ, பீரோவிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத புடவை.

“இன்னாடி, வேலைக்குப் போவல?”

“லீவுக்கா.” அந்த வார்த்தையைச் சொல்லும்போதே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. “சம்பளத்தோட. நெடுமாறன் அண்ணன் நேத்து கூப்ட்டு சொன்னாரு. சனி ஞாயிறு கூட்டம், செவ்வாக்கெழமைன்னா ரூம் காலியாதான் கெடக்குது, இனிமே செவ்வாக்கெழம வராதன்னாரு. ரெண்டு நாளா மொகத்த ஒரு மாதிரி வச்சிருந்தாரு. வேலய உட்டு எடுக்கப் போறாருன்னு நெனச்சேன்.”

“சிரிச்சுக்கினு குடுத்தாரா?”

“சிரிக்கல. ஆனா டீ வாங்கிக் குடுத்தாரு.”

நிஷா மெஷினை விட்டு எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அஞ்சலாட்சிக்கு உட்காரத் தெரியவில்லை. ஆறு மணிக்கே எழுந்து வீட்டை இரண்டு தடவை பெருக்கியாயிற்றாம். துணியெல்லாம் துவைத்தாயிற்றாம். பேசிக்கொண்டே நிஷா வீட்டு மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துவிட்டாள். நிஷா அதைப் பிடுங்கி எறிந்தாள்.

“என்னங்க!” என்று கடைக்குப் போன் போட்டாள். “கடைய மூடிட்டு வாங்க. பீச்சுக்குப் போறோம்.”

“பதினோரு மணி வெயில்லயா?”

“ஆமா.”

ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேர் போக முடியாது. அன்வருதீன் ஷேர் ஆட்டோ பிடித்தார். கடற்கரைச் சாலையில் அந்த நேரத்தில் நாயும் இல்லை. தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணலில் இறங்கினார்கள். பதினோரு வருஷமாக நான்கு தெரு தள்ளி வேலை செய்தவள், பகலில் இந்தக் கடலைப் பார்த்ததெல்லாம் மொட்டை மாடியில் துவாலை காயப்போடும்போதுதான். புடவையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு அலைக்குள் போய் நின்றாள். அலை வந்து மோதியதும் “ஐயோ” என்று கத்தினாள். அடுத்த அலைக்கும் கத்தினாள். நிஷாவையும் இழுத்து உள்ளே விட்டாள். அன்வருதீன் மூன்று ஜோடிச் செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு, மாங்காய் பத்தை விற்கிறவனைத் தேடிக் கொளுத்தும் மணலில் குதித்துக் குதித்து நடந்தார்.

திரும்பி வந்தபோது இருவரும் இடுப்பு வரை நனைந்து, ஈர மணலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலாட்சி மிளகாய்த்தூள் போட்ட மாங்காயை வாங்கிக் கடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

“நிஷாக்கா,” என்றாள் கவலையாக. “அடுத்த செவ்வாக்கெழம இன்னாக்கா பண்றது?”